பழைய கார்பரேட்டர் வள்ள இன்ஜினை ஸ்டார்ட் செய்வது எப்படி: புதிதாகக் கடலுக்கு வருபவர்களுக்கு

குமரி மாவட்டக் கரையில் ஆரோக்கியபுரம் தொடங்கி நீரோடி வரை, பைபர் வள்ளங்களின் பின்பக்கம் தொங்கும் அவுட்போர்ட் இன்ஜின்களில் பழைய டூ ஸ்ட்ரோக் கார்பரேட்டர் வகையை இன்றும் பார்க்கலாம். யமஹா, சுசுகி, 8 முதல் 40 குதிரைத்திறன் வரை. பெரும்பாலானவற்றில் பேட்டரி கிடையாது. கயிற்றை இழுத்தால் ஓட வேண்டும், அவ்வளவுதான். ஓடவில்லை என்றால், புதிதாகக் கற்பவர் அதே கயிற்றை இன்னும் இருபது தடவை இழுப்பார். தோள் வலிக்கும், ஸ்பார்க் பிளக் (தீப்பொறி விடும் பாகம்) பெட்ரோலில் நனையும், இன்ஜின் முன்னைவிட மோசமாக அடம்பிடிக்கும். ஐந்து இழுப்பில் பிடிக்காத இன்ஜின் ஆறாவதில் பிடிக்க வேண்டுமானால், இடையில் நீங்கள் எதையாவது மாற்றியிருக்க வேண்டும். எதை, எந்த வரிசையில் என்பதைப் பார்க்கலாம்.

எரிபொருள்

ஆனி, ஆடிக் காற்றில் வாரக்கணக்காகக் கரையில் கிடந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதல் சந்தேகம் டேங்க் மேல்தான் வர வேண்டும். பங்கில் இப்போது கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்கரைக் காற்றில் பாதி காலியான டேங்க் கிடந்தால் நீர் சேர்ந்துகொண்டே போகும். ஓர் அளவைத் தாண்டியதும் நீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். டேங்கின் உறிஞ்சுகுழாயும் அடியிலிருந்துதான் எடுக்கிறது. அந்த அடிநீரில் ஆயிலும் கலந்திருக்காது. ஆகவே இன்ஜின் பிடிக்காமல் போவதோடு நிற்காது. தப்பித்தவறிப் பிடித்தால் மசகில்லாமல் ஓடி பிஸ்டனைக் கீறிவிடும்.

சோதிப்பது எளிது. டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து, நிறமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஊற்றிப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் கோடு பிரிந்து தெரிந்தால், அல்லது புளித்த வார்னிஷ் வாடை அடித்தால், அந்தப் பெட்ரோலை இன்ஜினுக்குக் கொடுக்காதீர்கள். புதுப் பெட்ரோலோடு கலந்து தீர்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். மிச்சம் பிடித்த பணத்தைவிட கார்பரேட்டர் சுத்தம் செய்யும் கூலி அதிகம்.

ஆயில் கலவையில் ஊகம் கூடாது. இன்ஜின் கையேட்டில் 50:1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, பத்து லிட்டருக்கு 200 மில்லி. 30:1 என்றால் லிட்டருக்கு 33 மில்லி. 25:1 என்றால் 40 மில்லி. புது பிஸ்டன், ரிங் போட்ட இன்ஜினுக்கு முதல் பத்து மணி நேரம் 25:1 கொடுப்பது வழக்கம். ஆயில் கூடினால் நல்லதுதானே என்று சிலர் கண்ணளவாக ஊற்றுவார்கள். கூடினால் பிளக் கறுத்து அடைக்கும், புகை அள்ளும், ஸ்டார்ட் ஆவது கடினமாகும். குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடும். இரண்டில் எது மோசம் என்று கேட்டால் குறைவதுதான்.

டப்பாவில் டி.சி.டபிள்யூ-3 என்று எழுதியிருக்கும் ஆயிலையே வாங்குங்கள். பைக்குக்கான டூ-டி ஆயில் காற்றில் குளிரும் இன்ஜினுக்காகச் செய்தது. கடல்நீரில் குளிரும் இன்ஜினில் அது சாம்பலும் கரியும் விட்டுச்செல்லும். கலக்கும்போது தனிக் கேனில் பாதிப் பெட்ரோல் ஊற்றி, ஆயில் முழுவதையும் விட்டு, மூடிக் குலுக்கி, பிறகு மீதிப் பெட்ரோலைச் சேர்த்து மறுபடி குலுக்குங்கள். டேங்கில் ஊற்றும்போது நுண்ணிய வலை வைத்த புனல் கட்டாயம். கடற்கரையில் மணல் எதிலும் புகும்.

கயிற்றைத் தொடும் முன்

இன்ஜினைத் தண்ணீரில்லாமல் ஓட்டக் கூடாது. அடியில் இருக்கும் வாட்டர் பம்பின் இம்பெல்லர் ரப்பரால் ஆனது. அதற்கு மசகே தண்ணீர்தான். உலர்ந்து ஓடினால் சில விநாடிகளிலேயே அதன் இதழ்கள் கருகத் தொடங்கும். கரையில் சோதிக்க வேண்டுமானால் 200 லிட்டர் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் அகலத் தகடு நன்றாக முங்கும்படி இன்ஜினை மாட்டுங்கள். டிரம்மில் நியூட்ரல் மட்டும். கியர் போட்டால் தண்ணீர் வெளியே வரும், டிரம் சாயவும் கூடும்.

மணற்கரையில் அரையடித் தண்ணீரில் வைத்து இழுப்பதும் தவறு. புரொப்பல்லர் கிளப்பும் மணலை வாட்டர் பம்ப் உறிஞ்சும். நம் கரையில் இம்பெல்லர் சீக்கிரம் தேய்வதற்குப் பெரிய காரணம் இதுதான்.

இன்ஜினைப் பலகையோடு இறுக்கும் இரண்டு கிளாம்புத் திருகுகளையும் கையால் இறுக்கிப் பாருங்கள். இன்ஜினிலிருந்து வள்ளத்துக்கு ஒரு பாதுகாப்புக் கயிறும் இருக்கட்டும். ஓட்டத்தின் அதிர்வில் கிளாம்பு தளர்ந்து இன்ஜின் கடலுக்குள் போவது அபூர்வமல்ல. பெட்ரோல் ஊற்றும்போதும் டேங்க் திறந்திருக்கும்போதும் பக்கத்தில் பீடி வேண்டாம். அது பெரியவர் கையில் இருந்தாலும் சொல்லத் தயங்காதீர்கள்.

ஸ்டார்ட் செய்யும் வரிசை

1. டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறங்கள். மறந்தால் இன்ஜின் பிடிக்கும், சில நிமிடம் ஓடும், பிறகு மூச்சடைத்து நிற்கும். ஹோஸில் உள்ள ரப்பர் பல்பு சப்பிப் போயிருந்தால் காரணம் இதுதான்.

2. ஹோஸை மாட்டுங்கள். பல்பின் மேல் அம்புக்குறி இருக்கும். அது இன்ஜினைப் பார்த்திருக்க வேண்டும். இன்ஜின் பக்க முனை மேலே இருக்கும்படி பல்பைப் பிடித்து, கெட்டியாகும் வரை அமுக்குங்கள். கெட்டியான பிறகும் அமுக்கினால் பெட்ரோல் கார்பரேட்டரில் வழியத்தான் செய்யும்.

3. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். கியரில் இருந்தால் பல இன்ஜின்களில் கயிறு வரவே வராது. இன்ஜின் இறுகிவிட்டது என்று பயந்து மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் நெம்புகோலைப் பாருங்கள்.

4. நிறுத்தும் பொத்தானுக்கு அடியில் சிவப்புக் கயிற்றின் கிளிப் மாட்டியிருக்கிறதா? அது இல்லாமல் ஸ்பார்க் வராது. அந்தக் கயிற்றின் மறுமுனை உங்கள் மணிக்கட்டிலோ இடுப்பிலோ இருக்க வேண்டும். நீங்கள் தவறி விழுந்தால் வள்ளம் உங்களை விட்டுப் போகாது, சுற்றி வந்து உங்கள் மேல் ஏறவும் செய்யாது.

5. ஆக்சிலேட்டர் பிடியை ஸ்டார்ட் குறிக்குத் திருப்புங்கள்.

6. இன்ஜின் ஆறிக் கிடந்தால் மட்டும் சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் பிடி) முழுதாக இழுங்கள். சற்று முன்புவரை ஓடிய சூடான இன்ஜினுக்குச் சோக் போட்டால் அது நனைந்து நிற்கும்.

7. பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் முழங்கை அவர் முகத்துக்குப் போகும். கயிற்றை மெதுவாக இழுத்தால் ஓர் இடத்தில் எதிர்ப்பு தெரியும். அங்கிருந்து ஒரே வேகத்தில், நேராக, நீளமாக இழுங்கள். முடிவு வரை சுண்டி இழுக்காதீர்கள், திரும்பும்போது கையை விட்டுவிடவும் கூடாது. கயிற்றைக் கையோடு கொண்டுபோய் உள்ளே விடுங்கள். அப்படியே விட்டால் உள்ளிருக்கும் சுருள்வில் சீக்கிரம் அறும்.

இரண்டு மூன்று இழுப்பில் ஒரு தடவை 'டப்' என்று பேசும். பேசியதும் சோக்கைப் பாதியாக்கி மறுபடி இழுங்கள். பிடித்துக்கொண்டால் அரை நிமிடத்தில் சோக்கை முழுதாக உள்ளே தள்ளிவிட்டு, ஆக்சிலேட்டரைக் குறையுங்கள். பெரும்பாலானோர் தவறுவது இந்த இடத்தில்தான்: 'டப்' சத்தத்துக்குப் பிறகும் முழுச் சோக்கிலேயே இழுத்து, பிடிக்க இருந்த இன்ஜினை மூழ்கடித்துவிடுவார்கள்.

இன்ஜின் ஓடத் தொடங்கியதும் பின்பக்கச் சிறு துளையிலிருந்து தண்ணீர் பீச்சுகிறதா என்று பாருங்கள். சில விநாடிகளில் வர வேண்டும். வராவிட்டால் நிறுத்திவிட்டு, அந்தத் துளையில் தடித்த தங்கூசி நரம்பை (நைலான் தூண்டில் நரம்பு) விட்டுக் குத்துங்கள். பெரும்பாலும் உப்போ மணலோதான் அடைத்திருக்கும். அதன் பிறகும் வராவிட்டால் இம்பெல்லர். அன்று கடலுக்குப் போக வேண்டாம்.

இரண்டு மூன்று நிமிடம் சூடேற விட்டு, பிறகு கியர் போடுங்கள். குறைந்த வேகத்தில், டக்கென்று ஒரே தள்ளாகப் போட வேண்டும். மெதுவாக அரைத்துப் போட்டால் பல் தேயும்.

மண்ணெண்ணெய் இன்ஜின் என்றால்

நம் கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜின்கள் ஏராளம். இவற்றில் சிறிய பெட்ரோல் டேங்கும் பெரிய மண்ணெண்ணெய் டேங்கும் தனித்தனியாக இருக்கும். இடையில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும் காக் (குழாய்த் திருகு). இரண்டு டேங்கிலும் ஆயில் கலந்திருக்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்வது பெட்ரோலில் மட்டும். பெட்ரோல் எந்தக் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். ஆறிய சிலிண்டருக்குள் அது துளித்துளியாகவே கிடந்து பிளக்கை நனைக்கும். எனவே பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓட்டி, சிலிண்டர் தலை கை வைக்க முடியாத சூட்டுக்கு வந்த பிறகு அந்தக் குழாய்த் திருகை மண்ணெண்ணெய் பக்கம் திருப்புங்கள்.

திரும்பி வரும்போதுதான் கவனம் தேவை. கரை தெரிந்ததும், துறைமுக வாய்க்கு வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே பெட்ரோலுக்கு மாற்றிவிடுங்கள். காரணம் இரண்டு. கார்பரேட்டர் கிண்ணத்தில் மிச்சம் கிடக்கும் மண்ணெண்ணெய் தீர்ந்து பெட்ரோல் நிறைந்தால்தான் மறுநாள் காலை இன்ஜின் பிடிக்கும். இன்னொன்று இதைவிடப் பெரியது. தேங்காய்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் அலையில் வள்ளங்கள் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் இன்ஜின் நின்றால், பெட்ரோலில் ஓடிக்கொண்டிருந்தது ஓர் இழுப்பில் மறுபடி பிடிக்க வாய்ப்புண்டு. மண்ணெண்ணெயில் ஓடியதற்கு அந்த வாய்ப்பு குறைவு. இரண்டு ரூபாய்ப் பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் இடம் அதுவல்ல.

புறப்படும்போதும் இதே கணக்குதான். இன்ஜினை உள்ளேயே, அமைதியான தண்ணீரில் சூடாக்கி, ஒரு தடவை வேகம் கூட்டிக் குறைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாய்க்குப் போக வேண்டும். சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்பட்டணம் என்று தடுப்புச் சுவருக்குள் கற்க இடமிருக்கும்போது, திறந்த கரையில் அலை முறியும் இடத்தில் நின்று கற்க வேண்டாம். திறந்த கரையிலிருந்துதான் இறக்க வேண்டும் என்றால், டிரம்மில் மூன்று நிமிடம் ஓட்டிச் சூடாக்கிய இன்ஜினைக் கொண்டுபோங்கள். துடுப்பால் அலையைத் தாண்டிய பிறகு, சோக் இல்லாமலே ஓரிரு இழுப்பில் பிடிக்கும்.

பிடிக்கவில்லையா? பிளக்கைக் கழற்றுங்கள்

சோக், கிளிப், காற்றுத் திருகு, ஹோஸ் எல்லாம் சரி, ஐந்து தடவை இழுத்தாயிற்று, பேச்சே இல்லை. கயிற்றை விட்டுவிட்டு 21 மில்லிமீட்டர் பிளக் ஸ்பேனரை எடுங்கள். இன்ஜினுக்குள் நடப்பதைக் கழற்றிய பிளக் சொல்லிவிடும்.

பிளக் காய்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை. பல்பு கெட்டியாகிறதா? ஆகவே இல்லை என்றால் எங்கோ காற்று இழுக்கிறது: ஹோஸ் வெடிப்பு, கனெக்டருக்குள் இருக்கும் ஓ-ரிங், பல்பின் உள்வால்வு, இந்த வரிசையில் பாருங்கள். எத்தனால் பெட்ரோலில் பழைய ரப்பர் ஊறி உப்பும், பிறகு வெடிக்கும். பல்பு கெட்டியாகியும் பிளக் காய்ந்திருந்தால் ஃபில்டர், அல்லது கார்பரேட்டர் ஜெட் (பெட்ரோல் வரும் நுண்துளைத் திருகு) அடைப்பு. ஓடும்போது பல்பை விடாமல் அமுக்கினால்தான் இன்ஜின் நிற்காமல் ஓடுகிறது என்றால், எரிபொருள் பம்பின் சவ்வு கிழிந்திருக்கலாம்.

பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால், ஒன்று நீங்கள் அளவுக்கு மீறி இழுத்திருக்கிறீர்கள், அல்லது ஸ்பார்க் இல்லை. பிளக்கைத் துடைத்துக் காய வையுங்கள். கிளிப்பை எடுத்துவிட்டு, சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து, பிளக் துளை திறந்திருக்க ஆறேழு தடவை இழுங்கள். உள்ளே தேங்கிய பெட்ரோல் ஆவியாக வெளியேறும். பத்து நிமிடம் ஆறவிட்டு, பிளக்கை மாட்டி, சோக் இல்லாமல் முயலுங்கள்.

ஸ்பார்க் பார்க்க, இன்ஜின் மேலிருக்கும் பெட்ரோல் ஆவி போன பிறகு, கிளிப்பை மாட்டி, பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் இரும்பு உடலை இன்ஜின் பிளாக்கில் நன்றாகப் படும்படி, பிளக் துளையிலிருந்து எட்டி வைத்து இழுங்கள். நீலமாக, 'சட்சட்' என்று சத்தத்தோடு வந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிந்து வந்தால் பிளக்கை மாற்றிப் பாருங்கள். வரவே இல்லை என்றால் நிறுத்தும் ஸ்விட்சின் வயரைச் சந்தேகியுங்கள். உப்புப் பூத்து உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டால் எப்போதும் நிறுத்திய நிலையிலேயே இருக்கும். பிளக்கைக் கேப்பிலிருந்து பிரித்து, கேப்பை எதிலும் படாமல் தொங்கவிட்டபடி இழுக்கக் கூடாது. போக வழியில்லாத மின்னழுத்தம் ஸ்பார்க் தரும் காயிலைக் கெடுக்கும். இரண்டு சிலிண்டர் இன்ஜினில் இரண்டு பிளக்குமே பிளாக்கில் பட்டிருக்க வேண்டும்.

பிளக் முனையில் நீர் முத்துகள் இருந்தால் பெட்ரோலில் தண்ணீர். அதோடு பிளக்கில் வெள்ளை உப்பும் இருந்தால் கடல்நீர் சிலிண்டருக்குள் புகுந்திருக்கலாம். ஹெட் கேஸ்கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நன்றாக ஓடும் இன்ஜினின் பிளக் காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். புது பிளக் வாங்கும்போது பழையதன் எண்ணை எழுத்து பிசகாமல் கொடுங்கள். என்.ஜி.கே. பிளக்கில் பி7ஹெச்எஸ் என்பதிலுள்ள 7 வெப்ப அளவு. எண் கூடக்கூட பிளக் குளிர்ச்சியானது. கடைசியில் -10 என்றிருந்தால் இடைவெளி 1 மில்லிமீட்டர். மாட்டும்போது கையாலேயே கடைசி வரை திருகிவிட்டு, புதியதானால் ஸ்பேனரில் அரைச் சுற்று மட்டும் இறுக்குங்கள். ஹெட் அலுமினியம், மரை போனால் வேலை பெரிது.

பிளக், பெட்ரோல் இரண்டும் சரி, ஆனாலும் பேச்சில்லை என்றால் பிளக் துளையைக் கட்டைவிரலால் அடைத்து ஒருவர் இழுக்கட்டும். விரலைத் தள்ளிவிட்டுக் காற்று பீறிட வேண்டும். மெதுவாகக் கசிந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. அது கரையில் தீரும் வேலை அல்ல.

கார்பரேட்டரைக் கழற்றும்போது

நாள்பட்டுக் கிடந்த பெட்ரோல் ஆவியாகிப் போகும்; அதிலிருந்த பிசின் ஜெட்டில் தங்கும். ஐடிலிங்குக்கான பைலட் ஜெட்டின் துளை மயிரிழை அளவுதான். முதலில் அடைவது அதுவே. அதனால்தான் சில இன்ஜின்கள் ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஓடி, விட்டால் நிற்கும்.

கார்பரேட்டர் அடியில் உள்ள கிண்ணத்தைக் கழற்றும் முன் கீழே வெள்ளைத் துணி விரியுங்கள். மணலில் விழுந்த ஜெட் கிடைக்காது. கிண்ணத்தில் பச்சையோ பழுப்போ படிந்திருந்தால் நோய் தெரிந்துவிட்டது. ஜெட்டுகளைச் சரியான அகலமுள்ள திருப்புளியால் கழற்றுங்கள். பித்தளை மென்மையானது, காடி சிதைந்தால் பிறகு வராது. கார்பரேட்டர் கிளீனர் அடித்து ஊறவிட்டு, காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். அடைப்பைக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் தன் அளவை இழந்துவிடும். மெல்லிய தங்கூசி நரம்பு போதும், அது வலைக்காரர் வீட்டில் இல்லாமல் போகாது.

பைலட் ஸ்க்ரூவை (ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் திருகு) கழற்றும் முன், அதை மென்மையாக உள்ளே திருகி, உட்காரும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். மாட்டும்போது அதே எண்ணிக்கை வெளியே. குறித்துவைக்க மறந்துவிட்டால் ஒன்றரைச் சுற்றில் தொடங்கி, சூடான இன்ஜினில் கால் சுற்றாக மாற்றிச் சீரான ஓட்டத்தைத் தேடுங்கள். இறுக்கித் திருகினால் ஊசிமுனை நசுங்கும்.

பல்பை அமுக்கியதும் கார்பரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டினால் நீடில் வால்வு (கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஊசி) மூடவில்லை. மிதவை ஊசியை அழுத்தும்படி கார்பரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, எரிபொருள் வரும் குழாயில் வாயால் ஊதுங்கள். காற்று போகக் கூடாது. போனால் நீடிலின் முனையைத் துடைத்துப் பாருங்கள். கோடு விழுந்திருந்தால் மாற்றுங்கள்.

கயிறு அறுந்தால்

மூடியையும் ரீகாயில் கூட்டையும் (இழுகயிறு சுற்றியிருக்கும் பெட்டி) கழற்றினால் ஃபிளைவீல் (இன்ஜின் உச்சியில் சுழலும் சக்கரம்) தெரியும், அதன் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். ஒரு முனையில் முடிச்சும் மறுமுனையில் மரக்கட்டைப் பிடியும் போட்ட கயிற்றின் முடிச்சை வெட்டில் மாட்டி, கடிகாரம் சுற்றும் திசையில் இரண்டு மூன்று சுற்று சுற்றி இழுங்கள். இப்படி இழுக்கும்போது நியூட்ரல் பாதுகாப்பு வேலை செய்யாது. கியரை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடத் தொடங்கிய ஃபிளைவீல் பக்கம் கை, துண்டு, சாரத்தின் முனை எதுவும் போகக் கூடாது. கூட்டை மாட்டவும் முயலாதீர்கள், அப்படியே கரைக்கு வாருங்கள்.

கரை சேர்ந்த பிறகு

டிரம்மில் நல்ல தண்ணீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் ஓட்டுங்கள். கடைசி நிமிடத்தில் ஹோஸைக் கழற்றிவிட்டு, ஐடிலில் தானாக நிற்கும் வரை விட்டால் கிண்ணம் காலியாகும். உள்ளிருக்கும் தண்ணீர் முழுதாக வடிய இன்ஜினை நேராக நிறுத்தி வையுங்கள். படுக்க வைத்தால் அது புகைப்போக்கி வழியாகச் சிலிண்டருக்குள் ஏறும்.

மாதக்கணக்கில் ஓய்வு என்றால் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிட்டு, ஒவ்வொரு பிளக் துளையிலும் 5 முதல் 10 மில்லி டி.சி.டபிள்யூ-3 ஆயில் விட்டு, கிளிப் இல்லாமல் கயிற்றை மெதுவாக நாலைந்து தடவை இழுங்கள். டேங்கைக் காலி செய்து காய வையுங்கள். ஓய்வு முடிந்து முதல் நாள் ஸ்டார்ட் செய்யும்போது அந்த ஆயில் எரிந்து வெள்ளைப்புகை வரும், பயப்பட வேண்டாம். அது தீர்ந்ததும் பிளக்கை ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.

வள்ளத்தில் எப்போதும் இருக்க வேண்டிய டப்பாவில் இவை போதும்: ஒரே எண்ணுள்ள இரண்டு புது பிளக், பிளக் ஸ்பேனர், திருப்புளி, கொறடு, அவசரக் கயிறு, உதிரிக் கிளிப், கனெக்டர் ஓ-ரிங், தங்கூசி நரம்பு ஒரு முழம், உலர்ந்த துணி, புரொப்பல்லருக்கான காட்டர் பின். சிறிய இன்ஜினில் ஷியர் பின் உண்டென்றால் அதுவும் இரண்டு. ஷியர் பின் பாறையில் அடித்தால் முறிவதற்காகவே மென்மையாகச் செய்தது. அதற்குப் பதில் ஆணியை வெட்டிப் போட்டால் அடுத்த அடியில் முறிவது கியராக இருக்கும்.